நானூறு கதவுகளும் முதலிடம் பிடித்த எருமையும்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இரண்டு நாட்டார் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஒரு காலை அரசவை கூடியது. இருந்தவர்கள்:

இடது கன்னம் பலாக்காய் போல வீங்கிய மன்னர்.

பிரதானி அம்பலவாணர்.

அவருடைய மைத்துனர், பல் வைத்தியர் செண்பகராமர்.

அவரிடம் போய் மூன்று நல்ல பற்களைக் கொடுத்துவிட்டுச் சொத்தைப் பல்லைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த தளபதி.

எண்ணும் எழுத்தர்கள் பன்னிரண்டு பேர்.

அரசவை விகடக்காரன் குழைக்காதன்.

கடைசியாக, தூணுக்குப் பக்கத்தில், பல் வைத்தியம் பார்க்கும் பேராச்சி. அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

கதைக்கு முன்னால் தேடு மண்டபத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் புதிதாக வருகிறவன் நல்ல தச்சனையோ நல்ல வைத்தியனையோ தேடித் தெருத்தெருவாக அலையக் கூடாது என்று மன்னருக்கு ஓர் ஆசை வந்தது. கோட்டை வாசலில் மண்டபம் கட்டினார். அங்கே போய் "பல்வலி" என்றால் போதும். ஓலையில் முதலில் உள்ள பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். முதல் பெயர் யாருடையது என்று தீர்மானிக்க மன்னரே விதி எழுதினார். ஒவ்வொரு கதவிலும் ஒரு கை வரையலாம். கைக்குக் கீழே, தான் நம்புகிற ஆளின் பெயரை எழுதலாம். அந்தக் கைகளை எண்ண வேண்டும். வைத்தியம் நடக்கும் இடத்தில் நோயின் பெயர் எத்தனை முறை எழுதியிருக்கிறது என்பதையும் எண்ணிக் கூட்ட வேண்டும். எண்ணுகிறவர்கள் கைக்கூலி வாங்கிவிடக் கூடாது அல்லவா? அதனால் அவர்கள் எந்த வாசற்படியையும் தாண்டக் கூடாது, யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று கட்டளை.

நல்ல ஏற்பாடுதான். கெடுக்க நினைப்பவன் வருகிற வரைக்கும்.

செண்பகராமர் பொட்டல்காட்டில் முந்நூறு குடிசை போட்டார். ஆள் இல்லை, அடுப்பு இல்லை. கதவு உண்டு, கதவில் கை உண்டு, எல்லாக் கையும் அவர் பெயரைக் காட்டின. பிறகு தன் வீட்டு வெள்ளைச் சுவரில் வெள்ளைச் சுண்ணாம்பாலேயே "பல்வலி" என்று நூறு தடவை எழுதினார். வருகிறவர்களுக்குச் சுத்தமான சுவர் தெரியும். எழுத்தர்கள் தண்ணீர் தெளித்தால் எழுத்து தெரியும். ஆக மொத்தம் நானூறு.

பேராச்சிக்குக் கை பதினான்கு, சொல் ஒன்று. பதினைந்து.

இப்போது அவைக்கு வருவோம். பௌர்ணமி முதல், ஓலையில் முதல் பெயர் யாருடையதோ அவர் மட்டுமே பல்லில் கைவைக்கலாம், மற்றவர்கள் பல் பிடுங்கும் குறடுகளை அரண்மனையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று பிரதானி ஓர் ஆணையை நீட்டினார். பேராச்சிக்கு அந்தக் குறடு இல்லாவிட்டால் வேறு பிழைப்பு இல்லை. மன்னர் வலியில் எதற்கு வேண்டுமானாலும் முத்திரை குத்துகிற நிலையில் இருந்தார். குத்தினார்.

அந்த முந்நூறு குடிசையில் பல் உள்ள ஒரு பிராணியாவது வசிக்கிறதா என்று குழைக்காதன் எழுந்து கேட்டான்.

"விதியில் கதவு என்றுதான் இருக்கிறது. ஆள் என்று எங்கும் இல்லை," என்றார் பிரதானி. "விகடக்காரருக்கு மனக்குறை என்றால், ஒரு விதியையும் மீறாமல் முதல் பெயரை மாற்றிக் காட்டட்டும். ஐந்து நாள் இருக்கிறது."

மன்னர் கையைத் தூக்கினார். வாயில் நான்கு கொழுக்கட்டை இருப்பது போலப் பேசினார். "பௌர்ணமி அன்று முதல் பெயர் யாருடையதோ, அவர் முன்னால் போய் வாயைத் திறப்பேன். இது என் வாக்கு."

குழைக்காதன் நேரே பேராச்சியின் வீட்டுக்குப் போனான். இடித்துப்போட்ட பழைய படைவீட்டுக் கதவுகள் நானூறு கிடக்கின்றன, எல்லாவற்றிலும் கை வரைந்து அவள் பெயரை எழுதிவிடுகிறேன் என்றான். அவள் ஒரு கிழவரின் கடைவாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பவில்லை.

"வேண்டாம் தம்பி."

"ஏன்க்கா? உங்களுக்குத்தான் வைத்தியம் தெரியுமே. பொய்யாலே வந்தாலும் வர்றவனுக்கு நல்லதுதானே நடக்கும்?"

"இன்னைக்கு நீ நானூறு கதவு வைப்பே. நாளைக்கு அவன் ஐந்நூறு வைப்பான். அப்புறம் நான் அறுநூறு வைக்கணும். பல்லு எப்ப பாக்கிறது?" கிழவரின் தாடையை நிமிர்த்தினாள். "அதுவும் போக, இவரு என்னை நம்பி வாயைத் திறந்திருக்காரு. நான் ஊரை ஏமாத்திட்டு வந்தவள்னு தெரிஞ்சா மூடிக்கிட மாட்டாரா?"

கிழவர் வாயைத் திறந்தபடியே தலையாட்டினார்.

குழைக்காதன் கதவுகளுக்கு வேறு பெயர் தேடிக்கொண்டு போனான்.

மறுநாள் ஆற்று மணலில் நானூறு கதவுகள் நின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை. மூங்கில் முட்டுக் கொடுத்து நின்ற வெறும் கதவுகள், எல்லாவற்றிலும் கை. காற்று அடித்தபோது நானூறும் ஒன்றாகத் திறந்து ஒன்றாக மூடின. துணி துவைக்க வந்தவர்கள் துணியை விட்டுவிட்டு ஓடினார்கள்.

எல்லாக் கையும் குந்தாணி வைத்தியரைக் காட்டின. குந்தாணி ஆற்றங்கரைத் தொழுவத்தில் இருந்த எருமை. சுவரே இல்லாத தொழுவம் என்றாலும் எங்கே எழுதுவது என்று குழைக்காதன் யோசிக்கவில்லை. எருமையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் "பல்வலி, பல்வலி" என்று நாற்பது முறை எழுதினான். பெயரை மண்டபத்தில் பதிந்தான்.

எழுத்தர்கள் வந்தார்கள். இருபத்தாறு வரை எண்ணியபோது குந்தாணி நடக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு பேரும் பின்னால் ஓடினார்கள். அது திரும்பியதும் எண்ணிய பக்கம் எது, எண்ணாத பக்கம் எது என்று தெரியாமல் போயிற்று. யாரிடமும் பேசக் கூடாது என்ற கட்டளையால் நில் என்று எருமையிடம் சொல்லவும் முடியவில்லை. கடைசியில் அது ஆற்றில் படுக்கப் போவதற்குள் மூச்சிரைக்க எண்ணி முடித்தார்கள். நானூற்று நாற்பது. விதிப்படி எழுதிக்கொண்டு போனார்கள்.

பௌர்ணமி அன்று மண்டபத்தார் ஓலையைப் படித்தார்கள். குந்தாணி வைத்தியர் யார் என்று பிரதானிக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை, மண்டபம் அவர் பொறுப்பு. பெரிய கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிவைத்தார். மன்னர் பல்லக்கில் புறப்பட்டார்.

தொழுவத்தில் இறங்கினார். பார்த்தார். வாக்கு வாக்குதானே, எருமைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார். குந்தாணி சற்று யோசித்துவிட்டு, வீங்கிய கன்னத்தைக் கீழிருந்து மேலாக ஒரு நக்கு நக்கியது.

மன்னர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"குழைக்காதா, இது எருமை."

"ஆம் மகாராஜா. விதியில் வைத்தியர் என்றுதான் இருக்கிறது. எத்தனை கால் என்று இல்லை."

ஆள் இல்லாத கதவுகளை வைத்து நாட்டையே ஏமாற்றிவிட்டான் என்று பிரதானி குதித்தார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதற்குள் மன்னர் தளபதியைப் பொட்டல்காட்டுக்கு அனுப்பிவிட்டார். முந்நூறு குடிசையிலும் சேர்த்து ஓர் ஆடும் இரண்டு ஓணானும்தான் என்று தளபதி பல் இல்லாத இடைவெளியில் விசிலடித்தபடி வந்து சொன்னார்.

மன்னர் சிரித்தார். சிரித்ததும் வலித்தது, வலித்ததும் கத்தினார், கத்தியது எருமை குரல் போலவே இருந்ததால் குந்தாணி பதில் கொடுத்தது, அதற்கு மறுபடி சிரித்தார். பல்லக்குத் தூக்கிகள் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

குறட்டை ஒப்படைத்தது செண்பகராமர்தான். முந்நூறு கதவிலும் இருந்த கைகளைப் பிரதானி தன் கையால் தேய்த்து அழிக்க வேண்டும் என்று ஆணையாயிற்று. மன்னர் தன் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதன் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"எழுத்தர்கள் வாசற்படியைத் தாண்டட்டும், மகாராஜா. உள்ளே இருப்பவரிடம் 'வலி போயிற்றா' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். கைக்கூலி வாங்குவார்கள் என்று பயந்தால் மாற்றி மாற்றி அனுப்புங்கள். ஊமையாக்கி அனுப்பாதீர்கள்."

அப்போதே அனுப்பினார்கள். பேராச்சிக்குக் கை வரைந்த பதினான்கு வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள். பன்னிரண்டு வீட்டில் வலி போயிற்று என்றார்கள். ஒரு வீட்டில் பாதி போயிற்று என்றார்கள். ஒரு வீட்டில் முறுக்கு தின்றுகொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை.

மன்னர் பேராச்சியின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். காவலர், குடைபிடிப்பவர், விசிறி வீசுபவர், எல்லாரையும் வெளியே நிற்கச் சொன்னாள். உள்ளறையைக் காட்டினாள். மன்னர் ஓர் அடி எடுத்துவைத்து நின்றார்.

"செண்பகராமர் கொஞ்சமும் வலிக்காது என்பார்," என்றார். "வலிக்குமா?"

"வலிக்கும், மகாராசா."

மன்னர் திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பேராச்சி அவரை மெதுவாக உள்ளே தள்ளி, தானும் நுழைந்து, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.