வாசல் வைக்காத சுவர்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். தூறல் அப்போதுதான் நின்றிருந்தது. மலைச்சரிவிலிருந்து பனிமூட்டம் ஆசிரமத்துத் தோட்டத்துக்குள் மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது.

ஆசிரம நூலகத்தில் ஆங்கில–தமிழ் அகராதி ஒன்று பல ஆண்டுகளாக உருவாகி வந்தது. அதை நடத்திய திலகவதி அம்மையாருக்கு ஐம்பது வயது; அவருடைய சீடர் இருதயராஜுக்கு அறுபத்து நான்கு. முப்பது ஆண்டுகள் சிறை அதிகாரியாக இருந்தவர் என்பதால், அடைத்துவைத்தலைக் குறிக்கும் சொற்களெல்லாம் அவர் பங்குக்கு வந்திருந்தன. மற்றவற்றை முடித்துவிட்டார். ‘இம்யூர்’ என்ற அரிய வினை மட்டும் அம்மையாரிடமிருந்து மூன்றாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது.

“சிறைவைத்தல் என்று எழுதினால் என்ன குறை, அம்மா?”

“சிறைக்கு வாசல் உண்டே, ஐயா. இது வாசலே வைக்காமல் ஆளைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிடுவது.”

“அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. பார்க்காததற்கு எடுத்துக்காட்டு எழுதக் கூடாது என்பது உங்கள் சட்டம்.”

“சாவிக்கொத்தோடு வாழ்ந்தவருக்குச் சற்று நாளாகும்” என்று சிரித்தார் அம்மையார். பிறகு சொன்னார்: “தோட்டத்தில் உங்கள் மகள் எஸ்தர் காத்திருக்கிறாள். நாளைக் காலைப் பேருந்தில் போகிறாளாம். அப்படியே வெளிநாடு. இனி எப்போது வருவாளோ!”

“என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள்.”

அம்மையார் தடித்த அகராதித் தொகுதி ஒன்றை எடுத்து அவர் முன்னே மேசைமேல் வைத்தார்.

“ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தை பேசவில்லை நான்.”

அதன்மேல் இன்னொன்று.

“முதலில் அவளே வரட்டும் என்றிருந்தேன்.”

“வந்திருக்கிறாளே.”

“வந்துவிட்டால் ஆயிற்றா?”

மூன்றாவது, நான்காவது. கனவில் வளர்வதுபோல் தொகுதிகள் ஓசையின்றி உயர்ந்தன. இருதயராஜின் முகத்துக்கு நேரே பழைய தோல் அட்டைகளின் வாசனை மட்டுமே இருந்தது.

“என்ன செய்கிறீர்கள், அம்மா? அவளை வெளியே நிறுத்தியது நான் கொடுத்த தண்டனை. அதற்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்?”

புத்தகங்களுக்கு அப்பாலிருந்து அம்மையாரின் குரல் வந்தது.

“வெளியே பனி விலகுகிறது, ஐயா. சரிவு முழுக்க வெயில். எஸ்தரின் குழந்தை வெறுங்காலோடு ஈரப் புல்லில் ஓடுகிறது. உங்களுக்குத் தெரிகிறதா?”

இருதயராஜ் மேலேயிருந்த தொகுதியை இரு கைகளாலும் எடுத்துக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை ஆறரை மணிப் பேருந்தில் அவரும் மலையிறங்கினார். எஸ்தர் ஜன்னலோர இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். குழந்தை அவர் மடியில் உறங்கியது. அம்மையார் நூலகத்தைத் திறந்து, அடுத்த சொல்லை எடுத்தார்.