எஞ்சின் மூடியில் நிற்காத பூச்சு

முதலில் மில் முதலாளி வன்னியராஜா எங்கள் சங்கக் கொடியை இறக்கினார். அடுத்து கூலியைக் குறைத்தார். அதன்பின் எங்கள் செயலாளர் மோட்டார் சைக்கிளோடு காணாமல் போனார்.

பல வருடம் கழித்து முதலாளி, "எங்கப்பா வண்டி" என்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். பெயின்டர் பேச்சி அடித்த புதுப் பூச்சு பெட்ரோல் டேங்கில் நின்றது. எஞ்சின் மூடியில் மட்டும், அடியில் யாரோ மூச்சு விடுவதுபோல், ஒரே இடம் கொப்பளித்தது. அங்கே பேச்சியின் நகத்தில் எழுத்துகள் தட்டுப்பட்டன.

நடுவர்கள் முன்னால் முதலாளி சீறினார்: "இன்னொரு தடவை உரிஞ்சா உன் பட்டறைக்குப் பூட்டுதான்!"

"அடிப்பூச்சு கெட்டிருக்கு மொதலாளி. உலோகம் வரைக்கும் உரிச்சாத்தான் புதுசு பிடிக்கும். உரிக்கட்டுமா?"

"உரிச்சுத் தொலை!"

பெயின்ட் உரிக்கும் மருந்து பட்டதும் பூச்சு தோலாகச் சுருண்டது. உளியால் வெட்டிய எழுத்துகளை நடுவர் உரக்கப் படித்தார்:

"மில் தொழிலாளர் சங்கச் செயலாளர், செ. மாசானமுத்து."