நாற்பத்து மூன்றாம் எண்

அறுபது பேருக்கு வருகை எடுக்க விரிவுரையாளர் எழிலரசுக்கு ஒரு நிமிடம் போதும். பேரெல்லாம் எதற்கு? எண்ணைச் சொல்வார், "யெஸ் சார்" என்று குரல் வரும், அடுத்த எண். தலை நிமிராது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

அவர் வகுப்பில்தான் பாதியில் படிப்பை விடுகிறவர்கள் அதிகம்.

"ஏன் மேடம், என்கிட்ட மட்டும் பசங்க நிக்க மாட்டேங்குறாங்க?" என்று போன வாரம் துறைத்தலைவர் செண்பகவல்லியிடம் கேட்டிருந்தார். எழிலரசுக்கே பாடம் எடுத்தவர் அந்த அம்மாள். "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

இன்று மத்தியானம் அவர் அறைக்குள் எழிலரசு ஓடிவந்தார்.

"மேடம், காலையில ஒருத்தனைக் கேள்வி கேட்டேன். இங்கிலீஷ்ல சொல்லத் தெரியாம நின்னான். முடியலைன்னா கிளம்பு, உன்னை யாரும் இங்க கட்டி வைக்கலன்னுட்டேன். போயிட்டான். பை பெஞ்சுலயே இருக்கு. ஹாஸ்டல்லயும் இல்ல."

"போன்?"

"பைக்குள்ளதான் அடிக்குது."

செண்பகவல்லி எழுந்துவிட்டார்.

கேன்டீனில் இல்லை. நூலகத்தில் இல்லை. தோட்டத்துக் கிணற்றை எழிலரசு எட்டிப் பார்த்தார். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

மூன்றாம் மாடியில் யாரும் புழங்காத பழைய ஆய்வகம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. செண்பகவல்லி காவலாளியைப் போனில் அழைத்துவிட்டு, "நீ கூப்பிடு" என்றார்.

எழிலரசு வாயைத் திறந்தார். முகம் ஞாபகம் இருந்தது. கசங்கிய நீலச் சட்டை ஞாபகம் இருந்தது. பேர் வரவில்லை. கடைசியில் நாக்குக்குப் பழகியதுதான் வந்தது.

"ஃபார்ட்டி த்ரீ!"

"யெஸ் சார்" என்றது உள்ளிருந்து அழுத குரல்.

தாழ் திறக்கவில்லை. உள்ளே ஜன்னல் கதவு கிறீச்சிட்டது.

எழிலரசு அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அவன் பேர் என்ன? சொல்லுங்க மேடம்!"

"எனக்கெப்படிப்பா தெரியும்? உன் வகுப்புப் பையன். போன வாரம் என்கிட்ட ஒண்ணு கேட்டியே, அதை அவன்கிட்டயே கேட்டுக்கலாம். முதல்ல பேரைக் கேளு."