அம்மா பேரை எழுதிய விரிவுரையாளர்

எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் விரிவுரையாளர் ஏகாம்பரம் வைத்ததுதான் சட்டம். மாணவிகள் வகுப்பெடுத்துப் பழக வெளிப் பள்ளிக்கூடங்களுக்குப் போகுமுன், அவரையே ஒன்றாம் வகுப்புப் பிள்ளையாக உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும். அவரை அடக்க முடியாதவள் போக முடியாது. பெஞ்சைத் தட்டியே பலரை அழவைத்தவர்.

அதிர்ந்து பேசாத பூங்காவனத்தின் முறை வந்தது.

“அம்மாகிட்ட போகணும்!” என்று ஏகாம்பரம் பெஞ்சிலிருந்து கத்தினார்.

அவள் பக்கத்தில் வந்து குனிந்தாள். “போகலாம் கண்ணு. அம்மா பேரு என்ன?”

“செங்கமலம்.” செத்துப்போன தாயின் பேரையே சொல்லிவிட்டார். குரல் இறங்கிவிட்டது.

“எழுதிக் காட்டுவோமா? அம்மா சந்தோஷப்படுவாங்க.”

சிலேட்டில் சத்தமில்லாமல் எழுதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நாளைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போம்மா.”

“உட்காரு கண்ணு. இன்னும் மணி அடிக்கலையே.”

உட்கார்ந்தார். மணி அடிக்கிறவன் நான். அவர்மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. மணியைப் பார்த்து மெதுவாகத்தான் நடந்தேன்.