அடுத்த வாரத்தை இன்றே இறக்கிய தண்டபாணி

தண்டபாணி ஒட்டாவாவில் இருந்த காலத்தில் அந்த ஊர்க் கம்ப்யூட்டர்கள் அவரைக் கேட்டுத்தான் மூச்சு விட்டனவாம். சொன்னது அவரேதான். பீளமேட்டில் எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசுக்குத் தலைமை ஆலோசகராக வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அன்று மட்டும் கேட்க நேரமில்லை. ஒரு நூல் மில்லுக்காக ஜெயசீலி பைத்தான் மொழியில் எழுதிய எடைக் கணக்கு புரோகிராம் அவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓடியது. அதற்கு வேண்டிய, வெளியாட்கள் எழுதி இணையத்தில் போட்டிருக்கும் பேக்கேஜ்களை இறக்கி அடுக்கித் தரும் டூலை ஆளுக்கொன்றாக வைத்திருந்தோம். ஒருவர் அடுக்கியது இன்னொருவரிடம் ஓடாது. ஏதாவது ஒரு டூலை முடிவு செய்து, வேறொரு கம்ப்யூட்டரிலும் ஓட்டிக் காட்டினால்தான் அவளுக்கு லீவு. சாயங்காலம் நாகர்கோவில் ரயில், மறுநாள் தங்கைக்கு நிச்சயதார்த்தம். முடிவு சொல்ல வேண்டியவர் தண்டபாணி.

"எதுன்னு சொல்லிருங்க சார்" என்றாள்.

"அவசரப்படாதே அம்மணி. டூல் எடுக்கறது மாப்பிள்ளை பாக்கற மாதிரி. நாலு எடத்துல விசாரிக்கோணும்."

"அதுவரைக்கும் உங்க மிஷின்ல உக்காரட்டுமா?"

"உக்காரு, உக்காரு." நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு டீயைக் கையில் எடுத்தார். "ஒட்டாவாவுல மொதல்ல ஒரு டூல் வெச்சிருந்தேன். ஒரு பேக்கேஜ் கேட்டா, அது சித்தப்பன் பெரியப்பன் வகையறா எல்லாத்தையும் கூட்டியாந்துரும். ஒரு நாள் பாரம் தாங்காம மேஜைக் காலே ஒடிஞ்சுது."

"பேக்கேஜுக்கு ஏதுங்ணா எடை?" என்றான் கந்தவேல். புரோகிராமில் தப்புக் கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். மனிதர்களிடம் இலவசமாகவே கண்டுபிடிப்பான்.

"பனிக்காலத்துல எல்லாத்துக்கும் எடை கூடும் கந்தவேலு. அதைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டாவது எடுத்தேன். கண்டிப்புன்னா அப்படியொரு கண்டிப்பு! ஒரு வெர்ஷன் ஒத்துப்போகலைன்னா என்னையே வீட்டுக்குள்ள விடாது. மூணாவது இருக்குதே, அது வேகம். என்டர் தட்டறதுக்கு முன்னாடியே இறக்கி முடிச்சிரும்."

"தட்டாம எப்படித் தெரியுங்?"

"வெரல் கெளம்பறது தெரியுமில்ல! ஒரு தடவை அடுத்த வாரம் வர வேண்டிய வெர்ஷனை இன்னைக்கே இறக்கிப் போட்டுச்சு. அதை எழுதறவன் ஜெர்மனியிலிருந்து போன் பண்ணறான். 'அண்ணா, நான் இன்னும் எழுதவே இல்லை. உங்ககிட்ட இருக்கறதைக் கொஞ்சம் அனுப்புங்க, பாத்து எழுதிக்கறேன்'னு."

"ஜெர்மனிக்காரன் அண்ணாங்கறானா?"

"மரியாதை தெரிஞ்சவன்" என்று ஒரு வாய் டீ குடித்தார். "கடைசியில ரெண்டு பேக்கேஜ் முறைச்சுக்கிச்சு. ஒண்ணுக்குப் பழைய வெர்ஷன் வேணும், இன்னொண்ணுக்குப் புதுசு. எந்த டூலாலயும் முடியலை. நான் ரெண்டையும் உக்கார வெச்சுப் பேசினேன். பழசு கண்ணுல தண்ணி வுட்டுச்சு. கீபோர்டெல்லாம் ஈரம். அப்பத்தான் நானே ஒரு டூல் எழுதினேன். எந்த டூல் எடுக்கலாம்னு அதுவே முடிவு சொல்லும்."

"அப்ப இப்ப அதை ஓட்டிச் சொல்லிருங்ணா."

"ஓட்டலாம். அதை இன்ஸ்டால் பண்ண எந்த டூல்ங்கறதைத்தான் இன்னும் முடிவு பண்ணலை."

அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம். ஜெயசீலி எழுந்து நின்றாள். தண்டபாணியின் திரையில் நூல் மில்லின் எடைகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

"ஓடிருச்சு சார்."

"எந்த டூல்ல?"

"பைத்தானோட கூடவே வருமே, அந்தச் சாதாரண டூல்தான். நீங்க மேஜைக் காலை ஒடிச்சப்ப ஆரம்பிச்சேன்."

தண்டபாணி டம்ளரைக் கீழே வைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, முகம் தெளிந்துவிட்டது.

"பின்னே ஓடாம? என் பார்வை பட்ட மிஷின்! நான் பாத்துக்கிட்டிருந்தா எந்த டூலும் ஓடும்."

ஜெயசீலி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"ரொம்ப நல்லது சார். திங்கக்கிழமை நான் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே இருங்க."