சட்டைப்பையில் ஒரு குரல்

செங்கல் சூளை முதலாளி சொக்கநாதனுக்கு லாரி டிரைவர் இருளப்பன் மேல் எப்போதும் சந்தேகம். லாரி பாலத்துச் சுவரில் இடித்ததும், அவனை இன்ஸ்பெக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"ஓட்டும்போது எவளோடயோ போன்ல கொஞ்சுறான் சார். லைசென்ஸைப் பிடுங்குங்க!"

"பேசினியாடா?"

இருளப்பன் தலையைச் சொறிந்தான். "நான் எங்கீங்க பேசினேன்? திட்டுத்தான் வாங்கினேன். எடுக்காட்டி வேலை போயிருங்க."

"யார்கிட்ட?"

"பேரைச் சொல்ல வாய் வரலீங்க. நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க" என்று போனை நீட்டினான்.

இடித்த நேரத்தில் வந்திருந்த நம்பரை இன்ஸ்பெக்டர் அழுத்தினார். சாலைப் பாதுகாப்பு விழாவில் தான் பேசியதையே ரிங்டோனாக வைத்திருந்த முதலாளியின் சட்டைப்பை முழங்கியது: "வண்டி ஓட்டும்போது போன் பேசாதீர்கள்!"