ஒரே வாசல் கொண்ட வளை

செம்மண் குன்று ஒன்றின் வயிற்றுக்குள் ஒரு பெரிய வளை இருந்தது. முயல்கள், எலிகள், கௌதாரிகள் எல்லாம் அதில் ஆளுக்கோர் அறையில் குடியிருந்தன. உள்ளே போக ஒரே வாசல். அங்கிருந்து நீண்ட நடை ஒன்று போனது. எல்லா அறைகளும் அந்த நடையைப் பார்த்தே திறந்திருந்தன.

வாசலைக் காத்தது கூரன் என்ற முள்ளம்பன்றி. யார் எதைக் கொண்டுவந்தாலும் பிரித்து, புரட்டி, முகர்ந்து பார்த்த பிறகே உள்ளே விடும். "ஓர் அறைக்குள் நுழைந்த கேடு எல்லா அறைக்கும் போகும்" என்று சொல்லும். அது சொன்னது உண்மைதான்.

ஒரு நாள் வெள்ளச்சி என்ற முயல் மூலிகையைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தது.

"கூரண்ணா, என் குட்டிக்கு உடம்பு கொதிக்கிறது. உடனே விடுங்கள்."

கூரன் எலிகள் கொண்டுவந்த கிழங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. "முறைப்படி நில். உனக்கு மட்டும் தனி நியாயமா?"

"இது என் அறைக்குத்தானே? இதனால் யாருக்கு என்ன கெடுதல்?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்."

வெள்ளச்சி நின்றது. கிழங்குகளைப் பார்த்து, மூலிகையையும் பார்த்து முடித்துக் கூரன் வழிவிட்டபோது, உள்ளே குட்டியின் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

வெள்ளச்சியின் அழுகை நடை முழுவதும் கேட்டது. கூரன் வாசலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 'நான் என் வேலையைத்தானே செய்தேன்' என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தது. மனம் ஒப்பவில்லை.

மறுநாள் எல்லாம் கூடின. கொறியன் என்ற எலி முன்னால் வந்தது. "இனிக் காவலே வேண்டாம். அவரவருக்கு வேண்டியதை அவரவர் கொண்டுவருவோம்" என்றது. கூரன் மறுத்துப் பேச வாயெடுத்தது. வெள்ளச்சியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. குன்றின் கீழே இருந்த ஒரு புதருக்குப் போய்விட்டது.

கொஞ்ச காலம் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. பிறகு குளிர் வந்தது. படுக்கைக்கென்று கொறியன் ஒரு வைக்கோல் சுருளை உருட்டி வந்தது. அதற்குள் ஒரு கட்டுவிரியன் கிடந்தது. அது கொறியனைத் தொடவேயில்லை. நடை வழியே ஊர்ந்துபோய், கடைசி அறையில் கௌதாரியின் குஞ்சுகளை விழுங்கிவிட்டது.

கூச்சல் கேட்டுக் கூரன் ஓடிவந்தது. முட்களைச் சிலிர்த்து, பாம்பை மூலையில் மடக்கிக் குத்திக் கொன்றது. கௌதாரி வெறும் கூட்டையே பார்த்தபடி நின்றது.

"தப்பு என்னுடையது" என்றது கொறியன். அது தலைகுனிந்து நின்றது. "பழையபடி காவலுக்கு வாருங்கள். முன்னைவிடக் கண்டிப்பாக இருங்கள்."

"அந்தக் கண்டிப்பில்தானே வெள்ளச்சியின் குட்டி போயிற்று" என்றது கூரன். "அறையையும் நடையையும் நான் ஒன்றாகவே நினைத்துவிட்டேன்."

"பிறகு என்னதான் செய்வது?" என்று கௌதாரி கேட்டது.

"நடைப்பக்கம் திறக்கும் வாயைக் கல் வைத்து அடையுங்கள். அவரவர் அறையிலிருந்து வெளியே தனி வழி தோண்டுங்கள். அந்த வழியில் எதைக் கொண்டுவந்தாலும் என்னைக் கேட்க வேண்டாம். கெட்டது வந்தாலும் அது அந்த அறையோடு நின்றுவிடும். எல்லாரும் கூடவும் பொதுத் தீனி வைக்கவும் நடை இருக்கட்டும்; அதற்குள் வருவதை மட்டும் நான் பார்க்கிறேன்."

"இதை அன்றைக்கே யோசித்திருக்கலாமே" என்றது வெள்ளச்சி.



எல்லாம் தோண்டத் தொடங்கின. வெள்ளச்சியின் அறையில் மட்டும் குறுக்கே ஒரு பெரிய கல் நின்றது. கூரன் தானாகவே வந்து, கல்லைச் சுற்றி மண்ணைப் பறித்தது. நகங்களில் ரத்தம் கசிந்தும் நிறுத்தவில்லை. மன்னித்ததாக வெள்ளச்சி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் பறித்த மண்ணைத் தள்ளித் தள்ளி ஒதுக்கிக் கொடுத்தது. கடைசியில் கல் பெயர்ந்தது. அறைக்குள் வெயில் விழுந்தது.

பலர் கூடி வாழும் இடத்தில் அவரவர் அறைக்குள் உரிமையும் பொது வழிக்குக் காவலும் இருந்தால்தான், ஒருவர் தேவையும் தடைபடாது, மற்றவர் உயிருக்கும் கேடு வராது.